ஆர்த்தி திரும்பிப் பார்க்காத நாள்

சிஸ்டர்,

இன்று சின்னவனுக்குத் தடுப்பூசி போட இங்கே சவுதியில், அல் கோபாரில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை மூக்கில் ஏறியதும் நீங்களே பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. அவன் ஊசிக்கு அழுதான், நான் உங்களை நினைத்து அழுதேன். அங்கிருந்த நர்ஸ் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

உங்களை முதலில் பார்த்தது மூத்தவள் ஆர்த்தி ஒன்றாம் வகுப்பு படித்தபோது. இங்குள்ள இந்தியப் பள்ளியில் மெடிக்கல் செக்கப். பிள்ளைகளை வரிசையில் நிறுத்த அம்மாக்கள் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் வந்திருந்தேன். பள்ளி நர்ஸான நீங்கள் பல், நகம், தலையில் பேன், எடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். நாகர்கோவில் பேச்சு மாறவே இல்லை. "மக்ளே, வாயைத் தொற" என்றால் மலையாளப் பிள்ளைகூட மறுபேச்சில்லாமல் திறந்தது.

அப்போது எங்கள் வீட்டில் தமிழ் நின்றுபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கூப்பிட்டால் ஆர்த்தி பதில் சொல்ல மாட்டாள். திமிர் என்று நினைத்தார் என் கணவர். இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார் யூகேஜி டீச்சர். பயந்துபோய் அப்படியே செய்தோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதட்ட முடிந்தது, கொஞ்ச வரவில்லை. பெற்ற பிள்ளையிடம் விருந்தாளி மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன்.

எடை மெஷினில் அவள் ஏறி நின்றபோது நீங்கள் பின்னால் போய், "மிட்டாய் வேணுமா மக்ளே?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். வரிசையில் நின்ற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் கை நீட்டினார்கள். அப்புறம் இங்கிலீஷில் கேட்டீர்கள். மொத்த வரிசையும் கை நீட்டியது. ஆர்த்தி மட்டும் மெஷின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைத் தனியே அழைத்துப் போனீர்கள்.

"பாஷையில ஒண்ணும் இல்ல, கேட்டியளா. பிள்ளைக்குக் காது சரியா கேக்கல்ல. அடிக்கடி சளி பிடிக்குமா?"

பிடிக்கும். ஏசி குளிர்தான் காரணம் என்று விட்டுவிட்டிருந்தோம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். லீவில் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று என் கணவர் தள்ளிப் போட்டார். நீங்கள் டியூட்டி முடிந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். "பேசிப் பழகுற வயசு சார். இப்ப விட்டா பிள்ளை ரொம்பப் பின்தங்கிரும்." மறுநாளே அவர் போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வந்தார். ஆபரேஷன் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நீங்கள்தான்.

"இனிமே அவகிட்ட எந்த பாஷை பேசறது சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சிரிக்க வர்ற பாஷையில பேசுங்க."

அன்று இரவே தமிழுக்குத் திரும்பிவிட்டேன். இன்றும் எந்தக் குழந்தையாவது கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், கோபப்படுவதற்கு முன் பின்னால் போய் மெதுவாகப் பேசிப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் நீங்கள் கொடுத்தது.

போன வாரம் நீங்கள் காலமான செய்தி வந்ததும், கோவையில் கல்லூரியில் படிக்கும் ஆர்த்திக்குப் போன் செய்தேன். உங்கள் பேரை மட்டும் சொன்னேன். அதற்குமேல் தேம்பல்தான் வந்தது.

"அழாதம்மா," என்றாள். "மெதுவா சொல்லு. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."