நூற்றுக்கு மூவர் என்ற கணக்கு

வெண்கோட்டு நாடு முழுதையும் ஒரு குடைக்கீழ்க் காத்து, துறைமுகங்களின் காவலும் ஏரிக்கரைகளின் காவலும் தம் பொறுப்பெனக் கொண்ட அரசி நிறைமதிப் பெருமாட்டி, உவர்க்கூற்றத்து நாட்டதிபர் கொற்றந்திரையனாருக்கு விடுக்கும் ஓலை. உம் கடல் அடங்கி நிற்க. உம் பாத்திகளில் உப்பு நிறைந்து விளைக. உம் குடியும் கிளையும் தழைக்க. எம் நலம் கேட்பீராயின், உம் கணக்கு வந்து சேரும் வரையில் நலமாகவே இருந்தோம்.

ஒவ்வொரு கூற்றத்திலும் நூறு பெண்களில் எத்தனை பேர் தொழில் செய்கின்றனர் என்று ஆண்டுதோறும் எண்ணுவது எம் அவையின் வழக்கம். அந்த எண் சரிந்தால் அங்கே தொழில் நசிந்தது என்று அறிவோம். அடைமழையில் உப்பளங்கள் மூடிக் கிடக்கும் காலத்தில் உழைப்பாளருக்குப் பண்டகசாலை நெல் அளப்பதும் அந்த எண்ணை வைத்தே. உமக்கு முன்னிருந்த அதிபர் நூற்றுக்கு அறுபதின்மர் என்று எழுதினார். நீர் மூவர் என்று எழுதியிருக்கிறீர்.

அதைக் கண்டு எம் அவையோர், அளங்களைக் கடல் கொண்டதோ, பெண்களைக் கொள்ளை நோய் கொண்டதோ என்று பதறி, மருத்துவர் குழு ஒன்றை விரைந்து அனுப்பினர். சென்ற மருத்துவர் உப்பு வாரும் பெண்களின் கூட்டத்தில் நடக்க வழியின்றி வரப்பிலேயே நின்றனராம். நோயாளி எங்கே என்று அவர்கள் வினவ, வேலை நேரத்தில் குறுக்கே நிற்க வேண்டாம் என்று அப்பெண்கள் பணிவுடன் வேண்டிக்கொண்டனராம்.

விளக்கம் கேட்டோம். உம் ஆட்சியின் வளத்தால் பெண்டிர்க்கு உழைக்கும் தேவையே ஒழிந்தது என்று மறுமொழி விடுத்தீர். அதைப் படித்தபோது எமக்குத் தலைவலி வந்தது.

நடந்தது இதுவென எம் தூதர் கண்டு உரைத்தார். முன்னவர் அளத்திலே நின்று எண்ணினார். நீரோ அந்தி வேளையில் கணக்கரை வீட்டு வாயிலில் நிறுத்தி, ஆண்மகனுக்கு வெற்றிலை கொடுத்து, அவன் மனையாள் உழைக்கிறாளா என்று கேட்கச் செய்தீர். வெற்றிலை வாங்கிய கையோடு மனைவியின் உழைப்பைச் சொல்வது குடிக்கு இழுக்கு என்பது உம் ஊர் வழக்கம். ஆதலின் வாயில்தோறும், அவள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்ற ஒரே விடை வந்தது. அவளோ அப்போது அளத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கவில்லை. இது கணக்கருக்குத் தோன்றவில்லையா? உமக்குமா தோன்றவில்லை?

வேம்பி என்னும் உப்பள உழைப்பாளி எம் வாயிலுக்கு வந்தாள். அவள் கணவன் கழியனும் பெருமைக்காக அவ்வாறே சொல்லிவிட்டான். பிறகு பண்டகசாலையில் நெல் அளக்கும் இடத்தில் அவள் பெயருக்குப் பங்கு இல்லை என்றனராம். உப்புப் புண் ஆறாத தன் உள்ளங்கைகளை விரித்து, சும்மா இருந்த கைகள் இவையா என்று அவள் வினவியபோது, நாணினோம். கழியன் வாயில் கதவின் பின்னே நின்று அழுதான். அவர்தம் மக்கள் மூவர், மழையோ நெருங்கிவிட்டது.

இன்னும் ஒன்று. உம் கூற்றத்து மாளிகையில் யாம் தங்கியிருந்தபோது அவ்வாயிலுக்கும் உம் கணக்கர் வந்தனராம். எம் கொழுநர் இளஞ்சேயர், ஊர் வழக்கத்துக்கு மதிப்பளிப்பதாக எண்ணி, வெற்றிலையை வாங்கிக்கொண்டு, எம்மையும் வீட்டில் சும்மா இருப்பதாகவே சொல்லியிருக்கிறார். அதுவும் உம் கணக்கில் ஏறியிருக்கிறது. அவரிடம் யாம் பேசவேண்டியதைப் பேசிவிட்டோம்.

ஆதலின் ஆணை. நண்பகலில், அளத்திலும் துறையிலும் கயிறு திரிக்கும் கொட்டிலிலும் நீரே நேரில் நின்று, பெண்களையே கேட்டு எண்ணுக. வெற்றிலை வேண்டா. புதுக் கணக்கு முடியும் வரை காத்திராது, முதல் மழைக்கு முன்னே பழைய அறுபதின்மர் கணக்குப்படி நெல் அளந்து தருக. முதற்படியை வேம்பியின் கையில் நீரே அளந்து இடுக.

இவ்வோலையில் முத்திரை இட்டது, உம் கணக்குப்படி எத்தொழிலும் செய்யாத ஒரு பெண்ணின் கை. உம் கணக்கு மெய்யாயின் இவ்வாணைக்கு நீர் பணிய வேண்டியதில்லை. பொய்யாயின், ஓலை கண்ட அந்நாளே அளத்துக்குப் புறப்படுக.