ஒரே போர்வையை நம்பிய இரண்டு வீடுகள்

நேற்று ஒஸ்லோவின் சொங்ஸ்வான் ஏரிக்கரையில் ஒரு குடும்பம் சின்ன வாயு அடுப்பொன்றைப் பற்ற வைத்தது. தீ பிடிப்பதற்கு முன் ஒரு கணம் அந்த நாற்றம் வந்தது. வாயுவுக்கென்று மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று பிறகு சேர்ப்பதுதான் என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் நடையை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

நகரத்துக்குள் குறொன்லாண்டுப் பகுதியில் உன் வீட்டு பல்கனியிலும் அப்படி ஒன்று இருந்தது. மின்னடுப்பில் தோசை தோசையாக வராது என்பது உன் கட்சி. நெருப்பு அபாயம் என்று கட்டடச் சங்கம் இரண்டு முறை கடிதம் போட்டது. நீ அதை வாசித்துவிட்டு அடுத்த தோசையை ஊற்றினாய். "இந்த நாட்டுக்காரங்க ஐரோப்பாவுக்கே கேஸ் விக்கிறாங்க, எனக்கு ஒரு தோசைக்குத் தடையாம்."

உன் ஊர் திருவாரூர்ப் பக்கம். வயலுக்குள் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தவர்களை மறித்து, உன் அப்பா காவல் நிலையத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர். அவருடைய மகள் ஒஸ்லோவில் குழாய்த் திட்டம் போட வந்ததை நீயே சொல்லிச் சிரிப்பாய். "அங்க வயல்ல போட்டா எங்க மேல போலீஸ் கேஸு. இங்க கடலுக்கடியில போட்டா, அந்தக் காசுல இவங்களுக்குப் பென்ஷன்." முதல் நாள் நீ என்னை 'வாடி' என்று கூப்பிட்டபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கள் வீட்டில் சண்டைக்குத்தான் 'டி' வரும். ஒரு மாதத்துக்குள், நீ அப்படிக் கூப்பிடாத நாளில்தான் உனக்கு என்னோடு என்ன கோபம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

நம் வேலையைச் சொல்வது எளிது. ஒரே குழாய்களை நம்பியிருக்கும் நாடுகளை ஒன்றாக வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். மிகக் குளிரான நாளில் மிகப் பெரிய குழாய் நின்றுபோனால், மிச்சம் போதுமா? ஒவ்வொரு நாடும் தன் அட்டவணையை அனுப்பும், நாம் கூட்டுவோம், போதும் என்றால் பச்சை. பச்சை வந்தால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள்.

நீ மட்டும் அந்தப் பச்சையை நம்பவில்லை. கப்பலில் ஒரு துறைமுகத்துக்கு வந்திறங்கும் வாயுவை, பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு தங்கள் அவசர இருப்பாக எழுதியிருந்தன. ஒன்று, துறைமுகம் தன்னுடையது என்று. மற்றது, ஒப்பந்தம் தன்னிடம் இருக்கிறது என்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் உண்மை. கூட்டினால் பொய்.

"ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே போர்வைய நம்பித் தூங்கப் போறாங்கடி" என்றாய் என்னிடம். கூட்டத்திலும் அதையே சொன்னாய். ஒவ்வொரு அட்டவணைக்கும் அந்தந்த நாடே பொறுப்பு, நம் வேலை கூட்டுவது மட்டும் என்றார் மேலாளர். 'தெ ஓர்ட்னர் சை' என்று வேறு சொன்னார். எல்லாம் தானாகச் சரிவரும் என்று அர்த்தம். வயிறு நிறைந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். குழாய் நின்றால் குளிரில் விறைக்கப்போவது அவர் இல்லை, நானும் இல்லை. எங்கோ ஒரு வாடகை அறையில் இருக்கிறவன்தான் விறைப்பான். அவனை இந்த அட்டவணையில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாய். இதையெல்லாம் நீ அறிக்கையில் எழுதியிருந்த அடிக்குறிப்பை அழித்துவிட்டார்கள். நான் உன் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, நீயும் நானும் நம் அலுவலகத்துச் சுதனும் இருந்த கைபேசிக் குழுவில் உன் செய்தி வந்தது. "செம காய்ச்சல். எழுந்திருக்க முடியல. யாராச்சும் மாத்திரை வாங்கிட்டு வாங்க."

நான் கட்டைவிரல் போட்டேன். சுதனும் போட்டான்.

அவனுடையதைப் பார்த்ததும், உன் வீட்டுக்கு இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி இருக்கிறவன், அவன் போவான் என்று நினைத்தேன். உன் வீட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது, அதனால் நான் போவேன் என்று அவன் நினைத்தான். சனியும் ஞாயிறும் உன்னிடமிருந்து சத்தம் இல்லை. அதை இரண்டு பேருமே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம். திங்கள் நீ வேலைக்கு வராததால் போய் அந்தத் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தேன். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். செவ்வாய் நீ இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சுதன், "நீர் போனனீர் எண்டுதான் நான் நினைச்சனான்" என்றான்.

"நான் நீர் எண்டு நினைச்சன்" என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

உன் கட்டிலில் இருந்து அந்தக் குழுவைப் பார்க்க முயல்கிறேன். உன் திரையில் இரண்டு கட்டைவிரல்கள். இரண்டு பேர் வருகிறார்கள், மாத்திரை மிஞ்சிவிடும் என்றுகூட நினைத்திருப்பாய். எவ்வளவு நேரம் கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடந்தாய்?

உன் அப்பாவுக்கு நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. ஒன்றுதான் கேட்டார். "கூட யாரும்மா இருந்தீங்க?"

"நாங்கள் எல்லாரும் இருந்தனாங்கள், அப்பா" என்றேன்.

அவருக்கும் பச்சைதான் காட்டினேன்.

அடுத்த சுற்று அட்டவணைகள் வந்தபோது, அந்த இரண்டு நாட்டு அதிகாரிகளையும் ஒரே அழைப்பில் எடுத்து, அந்தத் துறைமுக வாயு உங்களில் யாருக்கு என்று கேட்டேன். இரண்டு பேரும் தங்கள் அட்டவணையைத் திறந்தார்கள். பிறகு ஒருவர், மற்றவர் அதை எழுதியிருக்க மாட்டார் என்றுதான் இருந்தேன் என்றார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பச்சை சிவப்பானது. உன் அடிக்குறிப்பு இப்போது அறிக்கையில் இருக்கிறது, உன் பெயர் இல்லாமல். இது எனக்கு ஆறுதல் என்று நினைத்துவிடாதே. அந்தக் கால் மணி நேரம் உனக்கு வேண்டியிருந்தபோது நான் ஒரு விரலைத்தான் தந்தேன்.

இப்போது தெரிந்தவர்கள் யாருக்காவது சுகமில்லை என்றால், 'நான் போறன்' என்று எழுதிவிட்டு உடனே வெளிக்கிடுகிறேன். வேறு யார் போகிறார்கள் என்று பார்ப்பதில்லை. சில வேளை நான் போய்ச் சேரும்போது அங்கே ஏற்கெனவே நாலு பேர் இருப்பார்கள். அடுப்பில் ரசம் கொதிக்கும், மேசையில் மூன்று பெட்டி காய்ச்சல் குளிசை கிடக்கும். காய்ச்சல்காரி, என்ன இது கலியாண வீடா என்று முனகுவாள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். மிஞ்சட்டும் என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன்.