குளிசை வேண்டாமென்று சொன்னது நான்

2002 ஆகஸ்ட் 12, திங்கள்

முப்பத்து மூன்று பாகை. குளிர் நாடு என்றுதான் பேர். மூன்றாம் மாடியில் ஃபான் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறது. வாங்க: பால், வெங்காயம், இவருக்குச் சவரக்கத்தி.

கீழ்வீட்டுச் சுகந்தி மட்டக்களப்பிலிருந்து திரும்பி ஐந்து நாள். ஊரில் சண்டை நின்றதால் ஏழு வருடத்துக்குப் பிறகு தாயைப் பார்க்கப் போனவள். முதல் பிள்ளை, ஆறாம் மாதம். பின்னேரம் கஜுப் பொட்டலத்தோடு படியேறி வந்தாள். முகம் வெளிறி, கண் இடுங்கி.

“அக்கா, எனக்குக் குளிருது.”

இந்த வெக்கையில். “பிளேன் களைப்பு புள்ள. படுத்தெழும்பினாச் சரி” என்றேன். கஜு நல்ல கஜு. பாதி முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

காலை ஆறு மணிக்கு ரஞ்சன் கதவைத் தட்டினான். சுகந்தியின் புருசன். “அக்கா, ஒருக்கா கீழ வாங்க.” படுக்கை விரிப்பெல்லாம் நனைந்து, பல் கிடுகிடுக்க அவள். டாக்சியில் ஆஸ்பத்திரி. பிரெஞ்சு கதைக்க நானும்.

எங்கே போய் வந்தாள் என்று நர்ஸ் கேட்டாள். சொன்னேன். மலேரியா என்ற சொல்லையும் நானே சொன்னேன்.

ரத்தத்தில் இருக்கிறது. கடுமையான வகை. இளம் டொக்டர் கேட்டார்: போகுமுன் தடுப்புக் குளிசை எடுத்தாளா, ஏன் எடுக்கவில்லை?

சுகந்தி என்னைப் பார்த்தாள். பிறகு, “தேவையில்லை எண்டு நான் நினைச்சன்” என்றாள்.

அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். “அவள் நினைத்தாளாம்.”

ஆகஸ்ட் 16, வெள்ளி

பெண்பிள்ளை. துடிப்பு நின்றுவிட்டது. சுகந்தி தப்பிவிட்டாள் என்கிறார்கள்.

சமைக்கவில்லை. இவர் பாணும் பருப்பும் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மழை. ஆய்வுகூடத்தில் முப்பது பிளேட். ஒவ்வொன்றிலும் தொண்ணூற்றாறு குழி. ஆப்பிரிக்கத் தாய்மாரின் ரத்தநீர். ஊற்று, கழுவு, ஊற்று, கழுவு. மஞ்சள் ஏறிய குழியில் பிறபொருளெதிரி உண்டு. ஏறாததில் இல்லை. ஊரில் பத்தாம் வகுப்புக்குப் பிறபொருளெதிரி என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் நான். உடம்பு ஒரு கிருமியை அடையாளம் கண்டு, அதை மறிக்கவென்று தானே செய்துகொள்ளும் பொருள். இங்கே என் வேலை கழுவுவது. ஆனால் எங்கள் கட்டடம் முழுக்க என்னை மலேரியா டொக்டர் என்கிறது. ஒரு நாளும் நான் திருத்தவில்லை. திருத்த மனம் வரவில்லை, அதுதான் உண்மை.

ஆராய்ச்சி செய்யும் மதாம் எல். போன மாரியில் எங்களுக்கெல்லாம் விளக்கியது நினைவிருக்கிறது. சின்ன வயதில் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தவர்களுக்கு ஓரளவு காப்பு இருக்கும். நுளம்புக்கடி இல்லாத நாட்டில் சில வருடம் இருந்தால் அது இறங்கிவிடும். அதோடு, கர்ப்பத்தில் கிருமி நச்சுக்கொடியில் போய் ஒட்டும். அது புது இடம். அதை மறிக்கும் பிறபொருளெதிரி முதல் பிள்ளைத்தாய்ச்சிக்கு இராது. இரண்டாவது, மூன்றாவதில்தான் வரும். அந்தக் குழிகளைத்தான் நான் கழுவுகிறேன். முதல் பிள்ளைக்காரிகளின் வரிசை பெரும்பாலும் வெள்ளை. மூன்று வருடமாகக் கண்ணால் பார்க்கிறேன்.

மே மாதம், மாடிப்படியில், அவள் கையில் உடுப்புக்கூடை.

“அக்கா, ஊருக்குப் போக மலேரியாக் குளிசை போடணுமா? கிளினிக்குக்குப் போகவா?”

“சும்மா இரு புள்ள. நாம அங்க பிறந்து வளந்த ஆக்கள். நமக்கு ரத்தத்திலயே இருக்கு. வயித்துப் புள்ளையோட ஏன் கண்ட குளிசையும்?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அவசரத்தில் சொன்னேன் என்று எழுதினால் பொய். கேட்டாளே என்று சந்தோசமாக இருந்தது எனக்கு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சுகந்தி வீடு வந்துவிட்டாள். பத்தியக் கறி வைத்துக் கொடுத்துவிட்டேன், இவர் கையில். நான் இறங்கவில்லை.

பின்னேரம் ரஞ்சன் மேலே வந்து இவரோடு இருந்தான். தாடி வளர்ந்து, சேர்ட் பட்டன் மாறிப் பூட்டி.

“அவட அசட்டைதான் அண்ணன். ஒரு குளிசை. ஒரே ஒரு குளிசை. மேல இவ்வளவு படிச்ச அக்கா இருக்கிறா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அவ!”

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றினேன். சீனி போட்டேன். கொடுத்தேன். “கொஞ்சம் குடி தம்பி.” அவன் “மெர்சி, அக்கா” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 31, சனி

இவரிடம் சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“இனிச் சொல்லி என்ன, புள்ள திரும்பி வருமா? விடு.”

கொஞ்சம் கழித்து: “அவன் அவளோட கதைக்கிறதேயில்லையாம். தனிய ஹோலில படுக்கிறானாம்.”

இதை ஏன் அதோடு சேர்த்துச் சொன்னார்? ஒரு வேளை சேர்த்துச் சொல்லவில்லையோ.

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

செப்டெம்பர் 7, சனி

போனேன். பதினொரு மணிக்கு. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

ரஞ்சன் டிவிக்கு முன்னால். அவள் யன்னலோரம், தலையில் எண்ணெய் இல்லை. இருக்கச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன்.

“தம்பி, சுகந்தி என்னட்டக் கேட்டவ. மே மாசம், படியில வச்சு. நான்தான் குளிசை வேணாம் எண்டு சொன்னன். கிளினிக்குக்குப் போக நிண்டவள மறிச்சதும் நான்தான்.”

ரஞ்சனுக்கு முதலில் விளங்கவில்லை. சுகந்தியைப் பார்த்தான். “உண்மையா?”

“ஓம்.”

“நீ ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“அக்கா சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்” என்றாள். என்னைப் பார்க்காமல். “ஆஸ்பத்திரியில சொல்லுவா எண்டு நினைச்சன். மறுகா நீங்க மேல போன அண்டைக்குச் சொல்லுவா எண்டு நினைச்சன்.”

நான் டொக்டர் இல்லை, பிளேட் கழுவுகிற வேலைதான் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. வெட்கம். பிள்ளை செத்ததைச் சொல்லும்போது உடையாத குரல்.

ரஞ்சன் எழும்பி டிவியை நிறுத்தினான். “நீங்க போங்க அக்கா” என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

செப்டெம்பர் 11, புதன்

வாசலில் ரஞ்சன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். சரி.

இவர் சொன்னார், இப்போது இருவரும் கதைக்கிறார்களாம். நேற்று கடைக்குச் சேர்ந்து போனார்களாம், தேங்காய்ப்பூ வாங்க.

முதல் குளிர்காற்று. கம்பளிகளை வெளியே எடுக்க.

செப்டெம்பர் 15, ஞாயிறு

நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இடம். நான் மெஷினில் போட்டுக்கொண்டிருக்க, சுகந்தி இறங்கி வந்தாள். என்னைக் கண்டதும் திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். கூடையை வைத்துவிட்டு நின்றாள்.

“அக்கா, ஒண்டு கேக்கணும். அந்தக் காய்ச்சல் வந்தா ரத்தத்தில ஏதோ வரும் எண்டு சொல்லுவீங்களே. இப்ப எனக்கு அது வந்திருக்குமா? அடுத்த புள்ளைக்கு?”

மெஷின் சுற்றும் சத்தம். மதாம் எல். சொன்னதெல்லாம் வரிசையாக வாய்க்குள் வந்து நின்றது. ஓம் புள்ள, வந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

“எனக்குத் தெரியா சுகந்தி.”

தலையாட்டினாள். தன் உடுப்புகளைப் போட்டாள், வெள்ளை வேறு, கலர் வேறு. மூடியைச் சாத்தினாள்.

“செவ்வாய்க்கிழமை கிளினிக்கில டொக்டரக் கேக்கப் போறன். இவருக்கு வேல. பிரெஞ்சு சொல்லித்தர ஒரு ஆள் வேணும்.”

“நான் வாறன்.”

“வாங்க. ஆனா அவங்க சொல்றத மட்டும் சொல்லுங்க அக்கா. உங்கட சொல் ஒண்டும் வேணாம்.”

செவ்வாய், ஒன்பதரை. லீவு கேட்க வேண்டும்.