கையை வைக்கவும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் முட்டிவலி தேவலையா?

நாங்கள் செய்யும் கருவி ஒருவழியாக டிபன் பாக்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. ஊசி குத்தாமல், விரல்களில் ரத்தம் ஓடுவதை ஒளியாலேயே பார்த்து, வேலையால் கை கெட்டிருக்கிறதா என்று சொல்லும். நேற்று முதன்முதலாகத் தொழிலாளர்களிடம் கொண்டுபோனோம். பாறை துளைக்கும் மெஷின் பிடிப்பவர் ஒருவர் கையை வைத்தார். திரையோ, ‘கையை வைக்கவும்’ என்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் அதே வரி.

"வச்சுட்டுத்தானேம்மா இருக்கேன்!" என்றார். எல்லோரும் சிரித்தோம். தப்பு என்னுடையது. ஆபீஸ்காரர்களின் கைகளை வைத்தே அளவு குறித்திருந்தேன். இவர் விரல்களில் ஓடிய ரத்தம், அது கைதான் என்று கருவி நம்பப் போதவில்லை.

கை கருவிமேல்தான் இருக்கிறதா என்று அவர் அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டார். "தொட்டா தெரியாதும்மா. பாத்தாத்தான் தெரியும்."

நீங்களும் அதே மெஷின்தானே பிடித்தீர்கள்? பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது, நாலடிக்கு ஒருதரம் குனிந்து, உங்கள் பிடிக்குள் இருக்கும் என் கையைப் பார்ப்பீர்கள். அப்பாவுக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்று தோழிகளிடம் பீற்றிக்கொள்வேன்.

இதை எழுதும்போதும் மேஜைமேல் கருவி அதையே கேட்டுக்கொண்டிருக்கிறது.

உங்களுக்குக் கையுறை வாங்கப் போகிறேன். அளவுக்கு, கையைத் தாளில் வைத்து ஓரமாகக் கோடு போட்டு அனுப்புங்கள். எந்தக் கையைப் பிடித்து நடந்தேன் என்று நினைவில்லை. இரண்டையும் அனுப்புங்கள்.

வாசலில் ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உங்கள் வாலு