கம்பிகளுக்குக் கீழே நான்கு விரற்கடை

இன்று காலை இவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரேடியோவைப் பிரித்துப்போட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஈயம் உருகிப் புகையும் வாசம் அடுப்படி வரைக்கும் வந்தது. கூடவே உன் ஞாபகமும் வந்தது. எரிச்சலாக இருந்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. மற்றவர்கள் எல்லாம் அப்போதே உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசி அழுது முடித்துவிட்டார்கள். நான்தான் பிந்திவிட்டேன்.

கல்லூரியில் ஒலியைப் பற்றிய பாடத்தில் நான்தான் முதல், தெரியுமல்லவா? கம்பி எந்த இடத்தில் அகலமாக அசையும், எந்த இடத்தில் அடங்கிப் போகும் என்பதையெல்லாம் நீ என் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினாய். அப்புறம் பார்த்தால் ஹட்டன் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துக்கே டீச்சராக வந்து இறங்குகிறாய். உன் தோளில் ஒரு கித்தார். என் இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை.

அந்தக் கித்தாரை ரேடியோவில் பேச வைக்க முடியுமா என்று நீ கேட்டதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதம் எனக்கு மறக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீசியனிடம் அதுவரை யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. என் தையல் மெஷினின் நூல் சுற்றும் சக்கரத்தில், தலைமுடி போன்ற செப்புக்கம்பியை ஒரு காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினார். அதுதான் பிக்கப். கித்தார்க் கம்பிகளுக்குக் கீழே ஒரு பித்தளைத் தகட்டில் வைத்து, முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி இரண்டு ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தார். கம்பி அசைந்தால் காந்தம் அதை உணரும், ரேடியோ அதைப் பெரிதாக்கிச் சொல்லும்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் எங்கள் வீட்டு முன்னறை உங்களுடையது. கழுத்துப் பக்கமாக நகர்த்தினால் சத்தம் உருண்டு திரண்டு வந்தது, ஆனால் தடித்த கம்பிகள் தண்ணீர்ப் பானைக்குள் பேசுவது போல முழங்கின. கம்பிகள் வந்து முடியும் கட்டைப் பக்கமாகத் தள்ளினால் தடித்த கம்பிகள் தெளிந்தன, மெல்லிய கம்பிகளோ ஊசியாகக் குத்தின.

“அண்ணே, ரெண்டுக்கும் நடுவுல வச்சா?” என்று கேட்டாய்.

“நடுவுல வச்சா ரெண்டுங்கெட்டானா இருக்கு டீச்சர். சாய்ச்சு வச்சுப் பாப்பமா?”

தடித்த கம்பிப் பக்கத்து முனை கட்டையை நோக்கி, மெல்லிய கம்பிப் பக்கத்து முனை கழுத்தை நோக்கி. எனக்கு அது முதல் நாளே தெரியும். அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் கேட்கவில்லை.

அவரை நீ அண்ணன் என்றுதான் கூப்பிட்டாய். அதனால் தோட்டத்தில் யாரும் எதுவும் பேசவில்லை. எனக்கும் பேச வழியில்லாமல் போயிற்று.

அதையாவது பொறுத்திருப்பேன். பாப்பாவைத்தான் பொறுக்க முடியவில்லை. சாயங்காலச் சங்கு ஊதியதும் அழத் தொடங்குவாள். தோளில் போட்டு நடந்து, ஓமத்தண்ணி கொடுத்து, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து நான் ஓய்ந்துபோவேன். ஒரு நாள் சாய்த்து வைத்த பிக்கப்போடு நீ இரண்டு கம்பியைத் தட்டினாய். விசும்பல் பாதியில் நின்றது. கண்ணை அகல விரித்து உன்னையே பார்த்தாள்.

“பாத்தியா மீனா, புள்ள டீச்சரத்தான் தேடுது,” என்று இவர் சிரித்தார்.

மறுநாள் நீ பள்ளிக்கூடத்திலும் இவர் ஃபேக்டரியிலும் இருந்த நேரம். கித்தார் எங்கள் வீட்டிலேயே கிடந்தது. காய் வெட்டும் கத்தியின் முனையால் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தினேன். சாய்வை நிமிர்த்தி, பிக்கப்பைக் கட்டையோடு ஒட்டத் தள்ளி, பலங்கொண்ட மட்டும் முறுக்கினேன். நான்கு விரற்கடைதான். மேற்சுரங்கள் எங்கே கூராகும் என்று படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. பாப்பா உன்னைப் பார்த்து அழ வேண்டும், என்னிடம் தாவ வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம், சத்தம் குறைவாக வருகிறதே என்று நீ ரேடியோவைக் கூட்டி வைத்து மெல்லிய கம்பியைத் தட்டினாய். தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். பாப்பா வீரிட்டாள். வீரிட்டவள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள், விடவில்லை. உதடு நீலம் பூத்தது. இவர் அவள் முகத்தில் தண்ணீரை அடித்தார். மூச்சு திரும்புவதற்குள் நான் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

“அழுது மூச்சுப் புடிச்சிருக்கு. ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க,” என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர். நீ உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாய். “எங்கையாலதான், எங்கையாலதான்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாய். அது உன் கையால் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை.

அடுத்த நாள் வந்து கித்தாரைத் திருப்பிப் பார்த்தாய். ஸ்க்ரூத் தலை இரண்டும் நைந்திருந்தன. இவர் முறுக்கினால் அப்படி நையாது. அப்புறம் என் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாய்.

“என்னடி காயம்?”

“வெங்காயம் வெட்டுனேன்.”

“ஓ. வெங்காயம் ரொம்பக் கெட்டியோ?”

அவ்வளவுதான் கேட்டாய். பாப்பாவின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, கித்தாரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நீ வாசிக்கவே இல்லை. அடுத்த வருடம் பதுளைப் பக்கம் மாற்றலாகிப் போனாய். கண்டுபிடித்துவிட்டாயா, இல்லையா? மூன்று வருடம் அந்தப் பயத்தோடு உனக்குப் பொங்கல் வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு காய்ச்சல் என்று ஒரு கடிதம். பத்தே நாளில் தந்தி.

உன் சாவுக்கு வரும்போது, ரயில் நானுஓயா தாண்டிய பிறகு, பாப்பா என் மடியில் தூங்கிப்போனாள். அப்போதுதான் இவரிடம் சொன்னேன்.

“அன்னைக்கு அந்தப் பிக்கப்ப நகத்துனது நாந்தாங்க.”

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. “தெரியும்.”

“எப்புடி?”

“டீச்சர் சொன்னாங்க. மறுநாளே ஃபேக்டரிக்கு வந்து சொன்னாங்க. ‘அவகிட்டக் கேட்டுறாதீங்கண்ணே, கேட்டா இன்னும் பயந்து சாவா’ன்னாங்க. நான் கேக்கல.”

எனக்கு அழுகை வரவில்லையடி. என்னை நோகாமல் பார்த்துக்கொள்ள நீங்கள் இருவரும் சேர்ந்து ஒன்றை மூன்று வருடம் மறைத்து வைத்திருக்கிறீர்கள். என் புருஷனும் நீயும் பகிர்ந்துகொண்ட ஒரே ரகசியம் நான்தான் என்று தெரிந்தபோது நன்றி வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் எரிந்தது.

பாப்பாவுக்கு இப்போது நான்கு வயது. எதையாவது உடைத்துவிட்டு, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். கேட்காமல் இருக்கப் பார்க்கிறேன். பத்தில் இரண்டு தடவைதான் முடிகிறது. நீ மட்டும் முதல் தடவையே எப்படியடி கேட்காமல் போனாய்?