குளிர் மேல் போட்ட பழி

ஏனுங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காக வேறு மாதிரிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உங்கள் முதல் திதி போன வாரம் நல்லபடியாக நடந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய ஒவ்வொருவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்பங்க கீழ காரமடைக்குப் போறீங்க?"

போகப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் மீதியையும் கேளுங்கள்.

காரமடையிலிருந்து குன்னூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். ஒரு நாள் குழாயடியில் துணி அலசும்போது என் விரல்களெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. நீங்கள் என் கைகளை உங்கள் ஸ்வெட்டருக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, "நாந்தான் உன்னையக் கொண்டாந்து இந்தக் குளிருக்குள்ள தள்ளீட்டேன்" என்றீர்கள். அந்த எண்ணம் அன்றைக்கு உங்களைப் பிடித்ததுதான், கடைசிவரை விடவில்லை. முட்டி வீங்கினாலும் குளிர், மணிக்கட்டு வீங்கினாலும் குளிர். தலை சீவக் கையைத் தூக்க முடியாமல் நான் நின்றபோதுகூட, பனி இறங்கிவிட்டது என்றுதான் சொன்னீர்கள். உங்களை மட்டும் சொல்லி என்ன? மூட்டுவலி இல்லாத வீடு இந்த மலையில் ஏது? தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நாமும் வருஷக்கணக்கில் ஓட்டினோம்.

கடைசியில் கோயம்புத்தூர் டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். "மூட்டு வாதம் ஒண்ணு, தசையில அழற்சி ஒண்ணு, தோலப் பிடிக்கறது இன்னொண்ணு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்குதுங்க. காவலுக்கு வெச்ச நாயே ஊட்டுக்காரங்களக் கடிக்கற மாதிரி, உங்க உடம்பே உங்களத் தாக்குது" என்றார். நீங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். இது குளிரால் வந்ததா என்று மட்டும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். எனக்குத் தெரியாதா?

கேட்பதற்குப் பதிலாகக் காரமடையில் எனக்கென்று ஒரு வீடு கட்டினீர்கள். நாம் குடிபோகும் முன்பே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்ததும் நம் பையன் செந்தில் என்னை அங்கே கூட்டிப்போனான். உங்கள் ஆசை என்பதால் நானும் வாய் திறக்கவில்லை. நல்ல வீடுங்க. வாசலில் படி கிடையாது, குளியலறையில் பிடித்து எழக் கம்பி வைத்திருந்தீர்கள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். காலையில் விரல் மடங்காதபோது மொட்டைமாடி வெயிலில் போய் உட்காருவேன். இதமாகத்தான் இருந்தது. ஆனால் நாளாக ஆகக் கன்னமும் கழுத்தும் சிவந்து தடித்தன. காய்ச்சல் வந்தது. நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, சோறு தொண்டையில் இறங்கவில்லை.

"வெயில்ல உக்காந்தீங்களா? உங்களுக்கு வெயிலே ஆகாதுங்களே" என்றார் டாக்டரம்மா. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை காலம் குளிரைத் திட்டிவிட்டு, அதற்குப் பயந்து வெயிலில் போய் விழுந்திருக்கிறோம் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்ததும், குன்னூருக்கே போகிறேன் என்று செந்திலிடம் சொன்னேன். "அந்தப் படிக்கட்டெல்லாம் எப்படிம்மா ஏறுவ?" என்று கத்தினான். அவன் கேட்டதில் தப்பில்லை. அத்தனை படி ஏறி நம் பழைய வீட்டுக்குப் போக இனி என் காலுக்குத் தெம்பில்லைதான். அதனால் நம் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாலேயே, ரோட்டு மட்டத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டேன். காரமடை வீட்டில் செந்தில் குடும்பத்தோடு இருக்கிறான். நீங்கள் கட்டியது வீண் போகவில்லை.

இப்போது என் காலை எப்படித் தெரியுமா? எழுந்ததும் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்காருவேன். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்க நேரமாகும், கேட்கும்வரை ரேடியோ. நீளக் காம்பு வைத்த சீப்பு வாங்கியிருக்கிறேன், என் தலையை நானே சீவிக்கொள்கிறேன். மாத்திரையால் முகம் உப்பி இட்லி மாதிரி இருக்கிறது, நீங்கள் இருந்திருந்தால் கேலி செய்தே ஓய்ந்திருப்பீர்கள். கடை ஷட்டரைப் பக்கத்துக் கடை சரசக்கா தூக்கிவிடுவார். உள்ளே போய்விட்டால் மிச்ச வேலையெல்லாம் என்னுடையது. படுத்தே கிடக்கிற நாளும் வருகிறது. அன்றைக்குக் கடை லீவு, அவ்வளவுதான்.

இதெல்லாம் சொல்ல மட்டும் நான் எழுத உட்காரவில்லைங்க. போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது, நீங்கள் கேட்காமல் விட்டதை நான் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்கூட்டுக்காரரு என்னைய மலைக்குக் கட்டிக் கூட்டிட்டுப் போனதாலதான் இது வந்துச்சுங்களா?"

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாருங்க அப்படிச் சொன்னது? குளிர்ல விரல் வெளுக்கும், வலி கூடும். அதுக்குக் கையுறை போட்டுக்கோங்க. ஆனா நோயக் கொண்டாந்தது குளிர் இல்லீங்க. நீங்க காரமடைய விட்டு நகராமயே இருந்திருந்தாலும் இது வந்திருக்கும்."

பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் கண் கலங்கியதைப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். என்னவென்று சொல்ல? ஒரு நிமிஷத்தில் கிடைத்த பதில். இதைக் கேட்காமலேயே போய்விட்டீர்களே.

இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. நீங்கள் என்னைக் குளிரில் தள்ளவில்லை. நீங்கள் கூட்டிவந்தீர்கள், நான் ஆசைப்பட்டுத்தான் கூட வந்தேன்.

மாத்திரையை ஒரு வேளைகூட விடமாட்டேன், குடை இல்லாமல் வெயிலில் இறங்கமாட்டேன். யார் வந்து கூப்பிட்டாலும் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன். இது சத்தியம். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

என்றைக்கும்
உங்கூட்டுக்காரி,
ருக்மணி