திரும்பி வந்த மூடி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பார்சல் நேற்றே வந்துவிட்டது. அதைப் பிரித்ததும் வந்த கோபத்தில் எழுதியிருந்தால் நீ பாதிகூடப் படித்திருக்க மாட்டாய். அதனால் ஒருநாள் ஆறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், உனக்குப் பிடிக்காத பேச்சு என்றால் பட்டென்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

இங்கே நானும் பட்டறையும் சௌக்கியம். கம்ப்ரஸர் மட்டும் வழக்கம்போல் இருமிக்கொண்டிருக்கிறது. பேரன் பள்ளிக்கூடம் போக அழுவதை நிறுத்தினானா?

விஷயம் பல்டாக்டர் காரைப் பற்றித்தான். பேரனைப் பார்த்துக்கொள்ள நீ மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று அந்த இன்ஜினைக் கழற்றிப் பரப்பியிருந்தோம். ஃபேக்டரியிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நிற்கிறார். அடுத்த மாதம் பழைய கார் கண்காட்சி. இன்ஜினுக்கு அடித்திருந்த அந்தச் சாம்பல் கலந்த பச்சை எந்தக் கடையிலும் டப்பாவில் கிடைக்காது, நாம்தான் கலக்க வேண்டும். கலப்பது நீ, அடிப்பது நான். சாம்பிள் தகட்டின் பின்னால் உன் கையெழுத்து விழாமல் இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் நான் வண்டிக்குக் கலர் அடிக்க ஸ்ப்ரே கன்னைத் தூக்கியதில்லை. அதனால்தான் நானே கலந்து, தகட்டில் அடித்து, உனக்குத் தபாலில் அனுப்பினேன்.

முதல் தகட்டுக்கு, "மஞ்சள் அடிக்குது, நீலம் சேர்" என்று எழுதித் திருப்பி அனுப்பினாய். சேர்த்தேன். இரண்டாவதுக்கு, "இன்னும் மஞ்சள்." மூன்றாவதுக்கு, "கண்ணைத் திறந்து வச்சுக் கலக்கு." நாலாவது தகடு எனக்கே நீச்சல்குளம் மாதிரி இருந்தது. அதற்கும், "பரவாயில்லை, இன்னும் ஒரு சொட்டு நீலம்" என்றாய். தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. எப்போதோ பார்த்த ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீ அங்கே தீர்ப்புச் சொல்வாயாம், அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நான் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டுமாம்.

அசல் என்னிடம் இருக்கிறது, அண்ணா. இன்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி உண்டே, அதில் ரிவெட் அடித்த பெயர்த்தகட்டைப் பெயர்த்தேன். அடியில் வெயிலும் எண்ணெயும் படாமல் ஃபேக்டரியில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது. என் முதல் தகடு அதோடு அச்சாகப் பொருந்தியது.

இப்போது ஒரு திருட்டுத்தனத்தை ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாவதாக உனக்கு வந்தது என் கலவையே இல்லை. "மூடியிலேயே அடித்துப் பார்த்தேன்" என்று நான் எழுதியது சுத்தப் பொய். அசல் தெரிகிற இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டி, அந்த மூடியையே அனுப்பினேன். நீ சரி என்று சொன்னதும் உண்மையை உடைத்து, உன் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று திட்டம். நீயோ, "படுமோசம். இருந்ததிலேயே இதுதான் மஞ்சள். உனக்கு வேலையில் கவனமே இல்லை" என்று எழுதித் திருப்பிவிட்டாய். ஃபேக்டரிக்காரனுக்கே கவனம் இல்லையாம்!

கோபம் கொஞ்சம் ஆறியதும், வசமாக மாட்டினான் என்று சிரித்தேன். இன்று காலை பல்டாக்டர் வந்தபோது அவரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவர் மூடியையும் முதல் தகட்டையும் ஜன்னலோரம் வைத்து, பொய்ப்பல்லுக்கு நிறம் பார்ப்பதுபோல் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. உன் வயதைக் கேட்டார். அவருக்குப் பல்வைத்தியம் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஒருவர், செய்து வந்த பொய்ப்பல்லையெல்லாம் மஞ்சள் மஞ்சள் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாராம். கடைசியில் பார்த்தால் கண்ணில் புரை. கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் அவருக்கே தெரியவில்லையாம்.

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் உன் மகள் போனில் அழுதாள். பேரனின் வெள்ளைச் சட்டையை மூன்று தடவை துவைத்தும், "இன்னும் மஞ்சளா இருக்குன்னு அப்பா திட்டுறாரு அத்தை" என்றாள். குறை சொல்லாவிட்டால் உங்கப்பனுக்குச் சோறு இறங்காது, விடு என்று நான் ஆறுதல் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சட்டை வெள்ளைதான் அண்ணா, அவளைத் திட்டாதே.

உடனே கண் டாக்டரிடம் போ. புரை எடுப்பது சின்ன ஆபரேஷன் என்கிறார்கள். போன வருஷம் செய்த வண்டிகளை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. அப்போது அசலைப் பக்கத்தில் வைத்துக் கலந்தாய். இரண்டும் அதே கண்ணுக்குத்தானே தெரிந்தன, அதனால் ஒன்றும் பிசகவில்லை. மெக்கானிக்குகள் உன்னைக் கழுகு என்று கூப்பிடுவது உனக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். ஒருவனிடமும் மூச்சுவிட மாட்டேன். பல்டாக்டரும் சொல்ல மாட்டார். அடுத்தவர் வாயைத் திறக்கவைத்துத்தான் அவருக்குப் பழக்கம். கண்காட்சியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாவது ஒத்துக்கொண்டார்.

நீ இல்லாமலே அடித்து முடி என்றுதான் அவர் முதலில் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. நான் அப்படி அடித்துவிட்டால், நீ வந்து பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாய். நீ கத்தினால் தாங்கிக்கொள்வேன், பேசாமல் இருந்தால் எனக்குத் தாங்காது.

முதல் தகட்டை இத்தோடு மறுபடி வைத்திருக்கிறேன். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. இப்போது கையெழுத்துப் போடாதே, தங்கச்சி பாவம் என்றும் போடாதே. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார். அப்போதும் மஞ்சள் என்று சொன்னால், சத்தியமாகச் சொல்கிறேன், மறுபேச்சுப் பேசாமல் நீலம் சேர்க்கிறேன்.

உன் கண் தெளிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
ப்ரைமர் மட்டும் அடித்த இன்ஜினோடு காத்திருக்கும்
உன் தங்கச்சி